பயன்படுத்தாததற்கு ஒரு நன்றி

கப்பலூரைத் தாண்டி, நாற்கரச் சாலையின் ஓரத்தில், ஜன்னல்களே இல்லாத ஒரு கட்டிடம் நிற்கிறது. பதினான்கு நிறுவனங்களின் கணினிகள் அதன் ஒரே கூடத்தில், ஒரே குளிரில், ஒரே மின்சாரத்தைப் பகிர்ந்துகொண்டு ஓடுகின்றன. வெளியுலகம் அதைத் தரவு மையம் என்கிறது. உள்ளே வேலை செய்கிறவர்கள் அதை வளவு என்பார்கள். அங்கே கணினி வைத்திருப்பவர்களைக் குடித்தனக்காரர்கள் என்பார்கள். ஒரே முற்றத்தில் பல வீடுகள் வாழ்வதைக் கண்டு வளர்ந்தவர்கள் வைத்த பெயர் அது.

அந்தக் கூடத்தின் மின்சாரத்துக்குப் பொறுப்பானவர் கோமதிநாயகி. வயது நாற்பத்தொன்று. அவரிடம் தொழில் கற்க வந்தவர் சீனிராஜ். வயது ஐம்பத்தைந்து. இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் மின்பொறுப்பாளராக இருந்தவர். மறுபடியும் மாணவராவதற்கு அவர் வெட்கப்படவில்லை. ஆனால் பாதிப் பாடம் தமக்கு முன்பே தெரியும் என்று நம்பினார்.

சீனிராஜ் அவரை மேடம் என்றார். அவர் சீனிராஜை அண்ணாச்சி என்றார். இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

அந்த ஆண்டு புரட்டாசியில் பதினைந்தாவது குடித்தனம் கதவைத் தட்டியது. நெஞ்சு எக்ஸ்ரே படங்களைப் பார்த்துக் காசநோயைக் கண்டுபிடிக்கச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிறுவனம். கேட்டது கணினிகளை அடுக்கும் அலமாரிகள் ஆறே ஆறு. ஆனால் பழைய குடித்தனங்களின் அலமாரி ஒன்றுக்கு ஐந்து கிலோவாட் போதும் என்றால், இவர்களுடைய அலமாரி ஒன்றுக்கு ஐம்பது வேண்டும். மொத்தம் முந்நூறு. பதினான்கு குடித்தனங்களுக்கும் சேர்த்து ஒதுக்கியிருந்ததே இருநூற்று நாற்பதுதான்.

புதிய மின்தடம் வந்து சேர ஒன்றரை ஆண்டு ஆகும். அதுவரை காத்திருக்க முதலாளிக்கு மனமில்லை. மாதம் முடிவதற்குள் இருக்கிற மின்சாரத்தில் புதியவருக்கு வழி காணுங்கள், இல்லையென்றால் பழையவர்களைக் காலி செய்யச் சொல்லிக் கூடத்தை முழுவதுமாக அவருக்கே கொடுத்துவிடுவேன் என்றார். பதினான்கு கடிதங்களையும் தயாராக வைத்திருக்கும்படி சீனிராஜிடம் சொல்லிவிட்டுப் போனார். சீனிராஜ் அவற்றை அச்சிட்டுத் தம் தோல்பையில் வைத்துக்கொண்டார். அன்று முதல் அந்தப் பை கனத்தது.

அவர் கோமதிநாயகியிடம் கேட்டார்.

"கையில இல்லாததை எப்படி மேடம் கொடுக்கறது?"

"இல்லைன்னு பார்த்துட்டீங்களா?"

அவர் பார்க்கப் போனார்.

மூன்று நாள் அளவுமானிகளின் முன் நின்றார். நான்காம் நாள் காலையில் முகம் மலர்ந்து வந்தார். அந்தக் கூடத்துக்கு இரண்டு மின்தடங்கள் உண்டு. ஏ லைன், பி லைன் என்று பெயர். ஒவ்வொன்றும் நானூறு கிலோவாட் தாங்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் நூற்று இருபதுக்கு மேல் ஓடவில்லை.

"பாதிக்கு மேல வீணாக் கெடக்கு மேடம்," என்றார் சீனிராஜ். "பழையவங்களும் இருக்கட்டும், புதுசும் வரட்டும். மொத்தம் ஐந்நூத்தி நாப்பது. ஆளுக்குப் பாதியாப் பிரிச்சா லைனுக்கு இருநூத்தி எழுபது. நானூறு தாங்கற லைனுக்கு இது ஒரு பாரமா?"

"ஒரு லைன் போச்சுன்னா?"

"மத்தது கொஞ்ச நேரம் தாங்கும். எங்க ஆலையில டிரான்ஸ்ஃபார்மர் மேல முப்பது சதவீதம் கூடுதலா ஏத்தி அரை ஷிஃப்ட் ஓட்டியிருக்கேன். சூடாகும். முனகும். ஆனா ஓடும்."

கோமதிநாயகி அவரைப் பின்கட்டிலிருந்த சோதனை அறைக்கு அழைத்துப் போனார்.

கூடத்தில் இருப்பதைப் போலவே இரண்டு லைன்கள் அங்கேயும் உண்டு. அளவில் பத்தில் ஒரு பங்கு. கணினிகளுக்குப் பதிலாகச் சுமைப் பெட்டிகள். மின்சாரத்தைத் தின்று வெப்பத்தைக் கக்குவதைத் தவிர வேறெந்த வேலையும் அறியாதவை. சீனிராஜின் திட்டப்படியே லைனுக்கு இருபத்தேழு கிலோவாட் ஏற்றினார் கோமதிநாயகி.

"ஏ லைனை நீங்களே நிறுத்துங்க அண்ணாச்சி."

அவர் நிறுத்தினார். பி லைனின் முள் ஐம்பத்துநான்குக்குத் தாவியது. பெட்டிகள் தொடர்ந்து ஓடின. பத்து விநாடி கழிந்தது. இருபது கழிந்தது.

"தாங்குது பாத்தீங்களா," என்று சிரித்தார் சீனிராஜ்.

கோமதிநாயகி கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பதாவது விநாடியில் அந்த லைனைத் தாங்கும் யூ.பி.எஸ். ஒரு முறை கூவியது. பெட்டிகளின் விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுழற்சி குறைந்து நின்றன. அறையில் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் முழுதும் அடங்கியது. சீனிராஜின் சிரிப்பு மட்டும் முகத்திலிருந்து இறங்க வழி தெரியாமல் சிறிது நேரம் நின்றது.

"டிரான்ஸ்ஃபார்மர் செம்பும் இரும்பும் அண்ணாச்சி. பொறுத்துக்கும்," என்றார் கோமதிநாயகி. "யூ.பி.எஸ். பொறுக்காது. அரை நிமிஷந்தான்."

"இது அந்தக் கூடமா இருந்திருந்தா?"

"பதினஞ்சு குடித்தனமும் ஒண்ணா அணைஞ்சிருக்கும்."

சீனிராஜ் சொன்னார்: "அப்ப அந்தப் பாதி வீண் இல்ல."

"நம்முடையதும் இல்ல. ரெண்டு லைன்லயும் பழையவங்களுக்குப் பங்கு எழுதிக் கொடுத்திருக்கோம். ஒரு லைன் போற நாளுக்குன்னு ஆறு வருஷமா அதைத் தொடாம வெச்சிருக்காங்க." கோமதிநாயகி பதினான்கு பெயர்கள் எழுதிய தாளை நீட்டினார். "போய் நன்றி சொல்லிட்டு வாங்க."

"எதுக்கு?"

"பயன்படுத்தாததுக்கு."

கேலி செய்கிறாரோ என்று சீனிராஜ் அவர் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை. தோல்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பதினான்கு கடிதங்களும் அதற்குள்ளேயே இருந்தன.

நன்றி சொல்லப் போவது எளிதான வேலை அல்ல என்பதை அவர் அன்றுதான் அறிந்தார். மாட்டுத்தாவணியில் பேருந்துச் சீட்டுப் பதிவு நடத்தும் குடித்தனக்காரர் அவரை உட்காரச் சொல்லவே இல்லை. "நன்றி சொல்ல வந்தீங்களா, காலி பண்ணச் சொல்ல வந்தீங்களா? எதுவா இருந்தாலும் நேராச் சொல்லுங்க சார், எனக்குச் சுத்தி வளைச்சா தலை வலிக்கும்," என்றார். சீனிராஜ் நேராகவே சொன்னார்: புதிய குடித்தனம் வந்திருப்பதையும், அதற்கு மின்சாரம் போதாததையும், சோதனை அறையில் தாம் பட்ட வெட்கத்தையும். கேட்டவர் முதலில் சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். எங்களுக்குச் சீட்டு விற்கிற நேரத்தில் மின்சாரம் நிற்கக் கூடாது, மற்ற நாளில் அந்தப் பங்கு சும்மா இருந்தால் யாராவது எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் எனக்கு வேண்டிய நிமிடத்தில் அது என் கைக்கு வந்துவிட வேண்டும் என்றார்.

சீனிராஜ் பையைத் திறந்தார். எழுதிக்கொள்ள வேறு தாள் இல்லை. காலி செய்யச் சொல்லும் கடிதம் ஒன்றை எடுத்துத் திருப்பி, அதன் வெற்றுப் பக்கத்தில் அவர் சொன்னதை எழுதினார்.

மழையளவுகளைத் தொகுப்பவர்கள், கல்யாண மண்டபங்களுக்குத் தேதி பதிகிறவர்கள், கண் மருத்துவமனைக்காரர்கள் என்று ஒவ்வொரு வாசலாக நான்கைந்து நாள் ஏறி இறங்கினார். தாள்களின் பின்பக்கங்கள் நிறைந்தன. எவரும் தங்கள் பங்கைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. எவரும் அதை விட்டுவிடுகிறேன் என்றும் சொல்லவில்லை.

பதினான்காவது பெயர் ஜெபகனி. தென்மாவட்ட மருத்துவமனைகளுக்காகக் குருதிக் கொடையாளர் பதிவேட்டை நடத்துகிறவர். எந்த ஊரில் எந்தக் குருதி வகைக்காரர் இருக்கிறார், அவர் கடைசியாக எப்போது கொடுத்தார் என்பதெல்லாம் அந்த வளவின் பதினேழாம் எண் அலமாரியில் இருந்தன. தூத்துக்குடிக்காரப் பெண்மணி. பேச்சில் ஒளிவு கிடையாது.

"எங்க பெட்டிய வேற எடத்துக்குத் தூக்கச் சொல்லி வந்திருந்தா இப்பமே சொல்லிருங்க அண்ணாச்சி," என்றார். "ஆறு வருஷத்துக்கு முன்னால ஒரு தடவ மாத்துனோம். ரெண்டு நாள் பதிவேடு கெடைக்கல. சிவகங்கையில ஒரு பிள்ளத்தாச்சிக்கு ரத்தம் தேட நான் டயரியப் பெரட்டிப் பெரட்டிப் போன் போட்டேன். கடவுள் புண்ணியத்துல தாயும் பிள்ளையும் பொழச்சிட்டாவ. அந்த டயரிய இன்னும் தூரப் போடல."

சீனிராஜ் எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டிய தாள், ஜெபகனியின் பெயருக்கு அச்சிட்ட கடிதமாக இருந்தது. அதை மடித்துப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு எழுந்தார்.

தாளில் இருந்தவை பதினான்கு பெயர்கள். ஆனால் அவர் நேரே வளவுக்குத் திரும்பவில்லை. கே.கே. நகரில் இருந்த புதிய குடித்தனத்தின் அலுவலகத்துக்குப் போனார். அங்கே பொறுப்பில் இருந்தவர் இம்தியாஸ் என்ற பொறியாளர். எப்போது மின்சாரம் தருவீர்கள் என்று கேட்கத்தான் அவர் வாயெடுத்தார். சீனிராஜ் முந்திக்கொண்டார்.

"உங்க மிஷின் நடுவுல நின்னா என்ன ஆகும் தம்பி?"

இம்தியாஸ் யோசித்தார். "விட்ட இடத்துலேருந்து தொடரும் சார். அரை மணிக்கு ஒரு தடவை அதுவரைக்கும் கத்துக்கிட்டதை எழுதி வெச்சுக்கும். மிஞ்சிப் போனா அரை மணி வேலை வீணாகும்."

"நிறுத்தாம, மெதுவா ஓடச் சொன்னா?"

"மெதுவா ஓடும். எவ்வளவு மின்சாரத்துக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு நாமளே வரம்பு வைக்கலாம். ரெண்டு மூணு விநாடியில அடங்கிடும். பயிற்சி கொஞ்சம் தாமதமா முடியும், அவ்வளவுதான்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"எவ்வளவு வேணும்னுதான் சார் எல்லாரும் கேட்டாங்க. எவ்வளவு குறைச்சுக்க முடியும்னு யாரும் கேக்கலையே."

சீனிராஜ் அன்று பிற்பகல் வளவுக்குத் திரும்பியபோது நடையில் வேகம் இருந்தது. வாசலிலேயே கோமதிநாயகியைக் கண்டு பேசத் தொடங்கினார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஆலைதான், ஆலையிலிருந்தே சொன்னார். மின்வெட்டுக் காலத்தில் எந்த இயந்திரத்தை முதலில் நிறுத்துவது என்று அவர்களுக்கு ஒரு முறை இருந்தது. நூற்கிற இயந்திரத்தை நிறுத்தலாம். இழை அறும், மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். சாயத் தொட்டியை நடுவில் நிறுத்தக் கூடாது. திட்டுத் திட்டாகப் பிடித்த சாயத்தை எவராலும் சரிசெய்ய முடியாது. ஆகவே முதலில் நூற்பு நிற்கும். சாயத் தொட்டிக்கு மின்சாரம் போகும்.

"புதுக் குடித்தனம் நூற்பு மேடம். பதினேழாம் நம்பர் அலமாரி சாயத் தொட்டி."

"ம்."

"ஒரு லைன் மட்டும் மிஞ்சினா, நானூறுல இருநூத்தி நாப்பது பழையவங்களுக்கு. அதைத் தொடக் கூடாது. மீதியில நூத்தி அம்பது புதியவருக்குச் சொந்தம். இன்னொரு நூத்தி அம்பது, பழையவங்க சும்மா வெச்சிருக்கற பங்குலேருந்து இரவல். ரெண்டு லைனும் இருக்கற வரைக்கும் முழுசா ஓடட்டும். ஒரு லைன் போனா அரை நிமிஷத்துக்குள்ள இரவலைத் திருப்பிக் கொடுத்துடணும்."

கூடத்துக்குள் நுழையும் எவரும் முதலில் தொட வேண்டிய செம்புப் பட்டை ஒன்று கதவருகே உண்டு. உடம்பில் தங்கியிருக்கும் மின்னூட்டத்தை மண்ணுக்குள் இறக்கிவிடுவதற்காக. கோமதிநாயகி அதைத் தொட்டபடி நின்றார்.

"அந்த அரை நிமிஷத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன் அண்ணாச்சி," என்றார். "விழறதுக்கு ஆகற நேரம்னுதான் நெனைச்சிருந்தேன். நன்றி."

ஐம்பத்தைந்து வயதில், கற்பித்தவரிடமிருந்து வந்த அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ளச் சீனிராஜுக்குப் பழக்கம் போதவில்லை.

முதலாளி உடனே ஒப்பவில்லை. இரவல் மின்சாரத்தில் ஓட எந்தப் பைத்தியக்காரன் சம்மதிப்பான் என்று கேட்டார். இம்தியாஸின் நிறுவனம் எழுதிக் கொடுத்த சம்மதத்தைக் காட்டினார்கள். பழையவர்கள் சும்மா இருப்பார்களா என்று கேட்டார். சீனிராஜ் பதின்மூன்று தாள்களை அவர் முன் பரப்பினார். முதலாளி ஒரு பக்கம் படித்தார், திருப்பிப் பார்த்தார், தம்முடைய கடிதத்தைக் கண்டார்.

"பதினாலாவது எங்கே?"

"அந்தம்மாகிட்ட எழுதி வாங்கலீங்க," என்றார் சீனிராஜ். "அவங்க பங்கை மட்டும் எந்த நாளும் இரவல் கேக்கறதில்லைன்னு நாங்களே வெச்சுக்கிட்டோம். இரவல் கணக்கு அவங்க பங்கைத் தொடாமலேதான் போட்டிருக்கு."

முதலாளி தாள்களை அடுக்கி அவரிடமே திருப்பிக் கொடுத்தார். வேலையைத் தொடங்குங்கள் என்றார்.

ஆறு அலமாரிகளுக்கும் அடியில் தரையை இரும்புச் சட்டங்களால் உறுதிப்படுத்தினார்கள். வெறும் குளிர்காற்று அந்த வெப்பத்துக்குப் போதாதென்று, அலமாரிகளின் பின்கதவுகள் வரை குளிர்நீர்க் குழாய் இழுத்தார்கள். மின்தடம் ஒன்று விழுந்தால் புதிய இயந்திரங்களுக்குச் செய்தி சொல்ல ஒரு கம்பி போட்டார்கள். திறப்பதற்கு முன்னால் ஏ லைனை நிறுத்திச் சோதித்தார்கள். இந்த முறை சீனிராஜ் சிரிக்கவில்லை, எண்ணினார். நான்கு எண்ணியபோது பி லைனின் முள் முந்நூற்றுத் தொண்ணூறில் வந்து நின்றது. முப்பதைத் தாண்டியும் எண்ணிக்கொண்டே இருந்தார். நூறு வந்தபோது கோமதிநாயகி அவர் தோளைத் தொட்டு, "போதும் அண்ணாச்சி," என்றார்.

ஐப்பசி மழை தொடங்கியது. ஒரு பிற்பகல், இடி இறங்கி ஏ லைன் போயிற்று. கூடத்தில் விளக்கு ஒன்று மஞ்சளாக மாறியது. ஆறு அலமாரிகளின் இரைச்சல் தாழ்ந்தது; கூட்டமான ஒரு பேருந்தில் ஒருவர் எழுந்து இடம் விட்டதுபோல் மற்ற இரைச்சல்கள் சற்றுத் தெளிவாகக் கேட்டன. பதினேழாம் அலமாரியின் விளக்குகள் அன்று வழக்கத்தைவிட வேகமாகச் சிமிட்டிக்கொண்டிருந்ததைச் சீனிராஜ் கண்டார். காரணம் அப்போது அவருக்குத் தெரியாது. இரண்டு மணி நேரம் கழித்து ஏ லைன் திரும்பியது. ஆறு அலமாரிகளும் மெல்ல எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன.

ஒரு வாரம் கழித்து ஜெபகனி வந்தார். கையில் ஒரு பெட்டி நிறையத் தூத்துக்குடி மக்ரூன் இனிப்பு.

அன்று அந்த மழையில் கோவில்பட்டி பக்கம் ஒரு பேருந்து கவிழ்ந்ததாம். ஒரே மணி நேரத்தில் நாற்பத்தொரு கொடையாளரைப் பதிவேடு கூப்பிட்டுக் கொடுத்ததாம். பேருந்தில் இருந்தவர்கள் எல்லோரும் பிழைத்து வீடு திரும்பிவிட்டார்களாம்.

"ஊரெல்லாம் கரண்டு போயிட்டு," என்றார் ஜெபகனி. "எங்க ஆபீசுலயே மெழுகுதிரிதான். நம்ம பெட்டி மட்டும் அசரல. இங்கன ஏதும் தொந்தரவு உண்டா அன்னைக்கு?"

சீனிராஜ் மூச்சை இழுத்தார். சொல்ல அவரிடம் எவ்வளவோ இருந்தது.

"ஒண்ணும் இல்லம்மா," என்றார் கோமதிநாயகி. "எப்பவும்போல ஓடிச்சு."

ஜெபகனி பெட்டியை மேசையில் வைத்து, இருவரையும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவருடைய ஆட்டோ சாலையில் திரும்பும் வரை சீனிராஜ் பொறுத்திருந்தார்.

"ஏன் மேடம் சொல்லலை? நன்றி சொல்லத்தானே வந்தாங்க. எதுக்குன்னு தெரிஞ்சு சொல்லியிருப்பாங்களே."

கோமதிநாயகி பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒன்றைக்கூட எடுக்கவில்லை. மூடி, அதே நூலால் மறுபடி கட்டி, அவரிடம் நீட்டினார்.

"கே.கே. நகருக்கு ஒரு நடை போயிட்டு வாங்க அண்ணாச்சி. இம்தியாஸ்கிட்டக் கொடுத்து, நன்றி சொல்லிட்டு வாங்க."

சீனிராஜ் பெட்டியை வாங்கிக்கொண்டார். இந்த முறை அவர் எதற்கென்று கேட்கவில்லை.